குடவோலையும் பாலைக் கிரகமும்

வாலாஜாபாத்திலிருந்து பாலாற்றைக் கடந்து தெற்கே போனால் உத்திரமேரூர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு எப்படி ஆளெடுப்பது என்று சொல்பவை அவை. ‘குடவோலை முறை’ என்ற இரண்டு சொற்களில் பள்ளிப் பாடம் இதை முடித்துவிடுகிறது. தேர்வு எழுதியதும் நாமும் மறந்துவிடுகிறோம். விண்மீன்களுக்கிடையே பேரரசுகளையும், நீண்ட வரலாறு கொண்ட அயல் கிரகங்களையும் படைக்கும் அறிவியல் புனைவுக் காவியங்களைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இந்தக் கல்வெட்டுகளுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். இல்லாத உலகம் ஒன்றை வாசகர் எதனால் நம்புகிறார் என்ற கேள்விக்கு, இந்தச் சுவர் சொல்லும் விடையைவிடத் தெளிவான ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. அதனால்தான் இங்கிருந்து தொடங்குகிறேன்.

ஒரு குடும்பக் கதையை மயிலாப்பூரில் நடத்துகிறவர் மயிலாப்பூரைப் படைக்க வேண்டியதில்லை. குளம், தேர், மாடவீதி என்று சொன்னால் மீதியை வாசகரே நிரப்பிக்கொள்வார். கதை வேறொரு கிரகத்தில், பத்தாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் நடந்தால் அந்த உதவி கிடையாது. அங்கே பகல் எவ்வளவு நேரம், மக்கள் எதைச் சாப்பிடுகிறார்கள், பிணத்தை என்ன செய்கிறார்கள், கடன் கொடுத்தால் யார் சாட்சி என்பது வரை எழுத்தாளரே முடிவு செய்ய வேண்டும். இந்த வேலையைத்தான் உலகைக் கட்டுதல் என்கிறார்கள். புதிதாக எழுத வருகிறவர்கள் இதை அதிசயங்களைக் குவிக்கும் வேலையாக எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு சூரியன், மூன்று நிலா, மிதக்கும் நகரம், பேசும் இயந்திரம் என்று முதல் அத்தியாயத்திலேயே திருவிழாக் கடை விரிந்துவிடும். இருபதாம் பக்கத்தில் வாசகருக்குக் கொட்டாவி வரும். இரண்டாவது சூரியனால் பயிருக்கு என்ன ஆனது, மிதக்கும் நகரத்துக்குத் தண்ணீரை யார் ஏற்றுகிறார்கள் என்று கதை கவலைப்படாவிட்டால் அவையெல்லாம் நாடக மேடையின் படுதாதான், காற்றடித்தால் ஆடும். ஒரு கற்பனை உலகம் உறுதிப்படுவது அங்கே என்ன போதாமல் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறது என்பது என் துணிபு. போதாததை யாரோ பங்கிட்டாக வேண்டும். பங்கிடுகிற இடத்தில் யாரோ கைவைப்பார். கைவைத்த பிறகு விதி திருத்தப்படும். இந்த நான்கும் தெரிகிற உலகத்தில்தான் மனிதர்கள் வாழ்ந்திருக்க முடியும் என்று நமக்குத் தோன்றுகிறது.

பிராங்க் ஹெர்பர்ட் 1957-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலுள்ள புளோரன்ஸ் என்ற கடலோர ஊருக்கு ஒரு பத்திரிகைக் கட்டுரைக்காகப் போனார். காற்றில் நகரும் மணல்மேடுகள் அங்கே சாலைகளை மூடிக்கொண்டிருந்தன. புல் நட்டு அந்த மணலை நிறுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்தக் கட்டுரை வெளிவரவேயில்லை. மணல் மட்டும் அவர் மனத்தில் தங்கி, 1965-இல் ‘டியூன்’ நாவலாக வந்தது. அதில் வரும் அராக்கிஸ் என்னும் கிரகத்தில் மழை கிடையாது. அந்த ஓர் இல்லாமையிலிருந்தே மற்ற எல்லாவற்றையும் ஹெர்பர்ட் வரவழைக்கிறார். வியர்வையையும் மூச்சின் ஈரத்தையும் பிடித்துக் குடிநீராக்கும் உடை இல்லாமல் அங்குள்ள ஃப்ரெமன் மக்கள் பாலையில் கால்வைப்பதில்லை. இறந்தவர் உடலிலுள்ள நீர் கூட்டத்தின் பொதுச் சொத்து. செத்தவனுக்காக ஒருவன் கண்ணீர் விட்டால் சுற்றியிருப்பவர்கள் திகைத்துப் போகிறார்கள், அத்தனை பெரிய கொடை அது. நாவலின் தொடக்கத்தில் ஃப்ரெமன் தலைவன் ஒருவன், அங்கே புதிதாக ஆள வந்த பிரபுவின் மேசைமேல் எச்சில் துப்புகிறான். காவலர்கள் ஆயுதத்துக்குக் கை நீட்டுகிறார்கள். உடலின் ஈரத்தைக் காணிக்கையாக்கும் மரியாதை அது என்று விவரம் தெரிந்த ஒருவன் நன்றி சொல்லித் தானும் துப்புகிறான். நீரின் விலை, அதனால் விளைந்த நாகரிகம், வந்தேறிகளின் அறியாமை ஆகிய மூன்றும் அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடுகின்றன. விளக்கவுரை தேவைப்படவில்லை.

தமிழ் வாசகருக்கு இந்த முறை அந்நியமாக இருக்கக் கூடாது. தொல்காப்பியம் பொருளை முதல், கரு, உரி என்று பிரித்தது. நிலமும் பொழுதும் முதல். அந்த நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவை கரு. அங்கே பிறக்கும் மனநிலை உரி. நிலத்தைச் சொன்னால் உணவு வரும், உணவைச் சொன்னால் தொழில் வரும், அந்த வாழ்விலிருந்து காதலின் நிறம் வரும் என்ற அந்த அடுக்கு, கவிதைக்காகச் செய்யப்பட்டது என்றாலும், ஓர் உலகத்தை உள்ளிருந்து கட்டுவதற்கான இலக்கணம்தான். இதில் பாலைக்குத் தரப்பட்ட இடம் வியப்பூட்டுவது. பாலை தனி நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். அராக்கிஸும் பிறவிப் பாலை அன்று. அங்கே நீர் இருக்கிறது; மணலுக்கடியில் வாழும் சிற்றுயிர்கள் அதை அடைத்து வைத்திருக்கின்றன. அடைபட்டதைத் திறக்கலாம் என்று தெரிந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொட்டுச் சொட்டாகச் சேமிக்கிறார்கள். மாறக்கூடிய நிலம் என்பதால்தான் அங்கே காத்திருத்தல் என்ற உணர்வுக்கு இடம் வருகிறது. ஹெர்பர்ட் தொல்காப்பியம் படித்தவரல்லர். நிலத்திலிருந்து நேர்மையாகச் சிந்திக்கிறவர்கள் ஒரே இடத்தில் வந்து சேர்கிறார்கள்.

இனி உத்திரமேரூர் நிலத்துக்கு வருவோம். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. நீர் அடியில் இருக்கும். ஊற்றுக்கால் வெட்டித்தான் அதை வயலுக்குக் கொண்டுவந்தார்கள். மழையோ வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். தேக்கினால் நெல், விட்டால் தரிசு. ஆகவே காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரம் முழுக்க ஏரிகள். ஏரி என்றால் கரை வேண்டும், மதகு வேண்டும், மிகுந்த நீர் வழிந்தோடக் கலங்கல் வேண்டும். மேலேரியின் கலங்கலில் வழிவது கீழேரிக்கு வரத்து. மேலூர்க்காரர்கள் கலங்கலைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினால் கீழூருக்கு வருகிற நீர் குறையும்; ஏரியின் உட்புறத்து நிலங்கள் மூழ்கும். ஆக, ஒரு கல்வரிசையின் உயரம் இரண்டு ஊர்களின் பகையாகிறது. வண்டல் ஆண்டுதோறும் சேரும். தூர் வாராவிட்டால் கொள்ளளவு குறையும். மதகைத் திறப்பதற்கு ஒருவர், கரையைப் பார்ப்பதற்கு ஒருவர், செலவுக்கு ஒரு நிதி, நிதிக்கு ஒரு கணக்கு. உத்திரமேரூரின் பெரிய ஏரிக்குக் கல்வெட்டுகளில் வைரமேக தடாகம் என்று பெயர். பல்லவன் தந்திவர்மன் காலத்துப் பெயர் அது. பராந்தகன் காலத்தில் அந்த ஊர் ஏரி வாரியம் என்று தனியாக ஒன்றை வைத்திருந்தது என்றால், ஆட்சிமுறையில் யாருக்கோ இருந்த ஆர்வத்தால் அன்று. பருவமழை சில வாரங்களில் பெய்து முடிந்துவிடுவதால்.

கரையின் உயரம் ஓர் உலகத்தையே சொல்லிவிடும் என்பதற்கு அறிவியல் புனைவிலேயே அழகான சான்று உண்டு. 1956-இல் இலங்கையில் குடியேறி 2008-இல் அங்கேயே மறைந்த ஆர்தர் சி. கிளார்க் 1973-இல் எழுதிய ‘ராமாவுடன் ஒரு சந்திப்பு’ நாவலில், ஆளில்லாத ஒரு பெரும் உருளை சூரிய மண்டலத்துக்குள் வருகிறது. அதன் உட்புறத்தைச் சுற்றி வளையமாக ஒரு கடல். கடலின் வடகரை 50 மீட்டர் உயரம். தென்கரை 500 மீட்டர். இந்த ஏற்றத்தாழ்வு எதற்கு என்று உள்ளே போன மனிதர்கள் யோசிக்கிறார்கள். கலம் வேகமெடுக்கும்போது நீர் பின்னோக்கிச் சாயும். சாய்கிற பக்கம் கரை உயர்ந்திருக்கிறது. அப்படியானால் இது வெறுமே மிதந்து வரும் பொருளன்று, தன்னை உந்திச் செல்லக்கூடியது என்று ஒரு கரையைப் பார்த்தே முடிவுக்கு வருகிறார்கள். கட்டியவர்கள் யாரென்று கதை கடைசிவரை சொல்வதில்லை. ஆனாலும் அவர்களை நாம் நம்புகிறோம். ஏரிக்கரைக்குப் பழகிய கண்ணுக்கு இந்த இடம் கூடுதலாகவே இனிக்கும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டின் உள்ளே போனால், நான் மேலே சொன்ன நான்கில் மூன்றாவதும் நான்காவதும் தெரியும்: கைவைத்தலும் திருத்தமும். ஊர் 30 குடும்புகளாக, அதாவது தொகுதிகளாக, பிரிக்கப்பட்டது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டியிருப்பவராகவும், வேதம் கற்றவராகவும் இருப்பவர்களின் பெயர்கள் குடும்பு வாரியாக ஓலையில் எழுதப்பட்டுக் கட்டப்பட்டன. 919-ஆம் ஆண்டு விதியில் வயது 30-க்கு மேல் 60-க்குள். 921-இல் அது 35-க்கு மேல் 70-க்குள் என்று மாறிவிட்டது. கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் வரக்கூடாது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் வரக்கூடாது. உறவினர் என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடாமல், தாயின் சகோதரி மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என்று ஒவ்வோர் உறவாகக் கல்லில் எண்ணி வைத்திருக்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக் காலம் 360 நாள். குற்றம் கண்டால் உடனே நீக்கம்.

ஓலை எடுக்கும் முறையைத்தான் நாவலாசிரியர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். சிறியோர் பெரியோர் எல்லோரும் கூடியிருக்க வேண்டும். ஊரிலுள்ள கோயில் நம்பிமார்கள் அனைவரும் மண்டபத்தில் அமர, அவர்களில் மூத்தவர் மேல்நோக்கியபடி குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஓலைக்கட்டு ஒன்றை எடுக்க, அதைப் பிரித்து இன்னொரு குடத்திலிட்டுக் குலுக்கி, அதிலிருந்து அவனே ஓர் ஓலையை எடுக்க வேண்டும். அந்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவன் படித்த பிறகு நம்பிமார் எல்லோரும் அதைப் படிக்க வேண்டும். ஐந்து விரலையும் விரித்து வாங்கு என்று ஒருவர் கல்லில் வெட்டச் சொல்கிறார் என்றால், விரலை மடக்கிக்கொண்டு ஓலையை மாற்றியவன் எங்கோ இருந்திருக்கிறான். அல்லது மாற்றிவிடுவான் என்ற பயமாவது அவர்களுக்கு இருந்திருக்கிறது. கல்வெட்டு அந்தச் சம்பவத்தைச் சொல்லவில்லை. விதி சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு விதியும் ஒரு தழும்பு. எங்கே வெட்டு விழுந்தது என்று காட்டுவது. இரண்டே ஆண்டுகளில் வயது வரம்பு மாறியதும் அப்படிப்பட்ட தழும்புதான். முதல் ஏற்பாட்டில் ஏதோ சரிவரவில்லை, ஊர் கூடி மறுபடியும் யோசித்திருக்கிறது. கற்பனை உலகங்களில் மிக அரிதாகக் காணக் கிடைப்பது இந்த இரண்டாவது கல்வெட்டுதான். பேரரசின் சட்டம் ஆயிரம் ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது என்று பல நாவல்கள் பெருமையோடு எழுதுகின்றன. ஆயிரம் ஆண்டுகள் திருத்தப்படாத சட்டத்தின் கீழே மனிதர்கள் இருந்ததில்லை.

வெனிஸ் நகரக் குடியரசில் தலைவரைத் தேர்ந்தெடுக்க 1268-இல் ஒரு முறை வகுத்தார்கள். பலமுறை சீட்டு, பலமுறை வாக்கு என்று மாறிமாறி வரும் அந்தச் சிக்கலான முறை 1797-இல் குடியரசு வீழும் வரை நடந்தது. அதன் தொடக்கத்தில் பெரிய சபையிலிருந்து 30 பேரைச் சீட்டில் எடுத்தார்கள். சீட்டுக்குண்டுகளை எடுப்பதற்கு ஒரு சிறுவனைக் கொண்டுவந்தார்கள். உத்திரமேரூரை வெனிஸ் அறியாது. செல்வமும் தகுதியும் ஏறக்குறைய சமமாக உள்ள சில குடும்பங்கள், அவற்றுக்குள் கட்சிகட்டுதல், யாரும் யாரையும் நம்பாமை என்ற ஒரே நோய்க்கு இரண்டு ஊர்களும் ஒரே மருந்தைக் கண்டன: சூதறியாத ஒரு பிள்ளையின் கை. உலகைக் கட்டுவதற்குத் தர்க்கம் உண்டு என்று நான் சொல்வது இதைத்தான். பிரச்சினையைச் சரியாக வகுத்துவிட்டால் சடங்கு தானே வரும். சீட்டில் ஆட்சியாளரை எடுக்கும் உலகத்தை பிலிப் கே. டிக் 1955-இல் தன் முதல் நாவலான ‘சோலார் லாட்டரி’யில் எழுதினார். யாரும் தலைவராகலாம் என்றால், அந்தத் தலைவரைக் கொல்ல முயல்வதும் அங்கே சட்டப்படியான ஆட்டம் ஆகிறது. அங்கே சீட்டு எல்லோருக்கும் பொது. உத்திரமேரூரிலோ தகுதி என்ற சல்லடையில் சலித்த பிறகுதான் சீட்டு. சல்லடையை எடுத்துவிட்டால் உலகமே வேறாகிவிடுகிறது என்பதை இரண்டையும் அருகருகே வைத்தால் காணலாம்.

வாலாஜாபாத்துக்குக் கிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில் இன்னொரு சுவர் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு அது. கோயிலைச் சார்ந்து ஒரு வேதக் கல்விச்சாலை, மாணவர் விடுதி, ‘வீரசோழன்’ என்ற ஆதுலசாலை (மருத்துவமனை) ஆகியவை நடந்ததைச் சொல்கிறது. ஆதுலசாலையில் 15 நோயாளிகளுக்குக் கிடக்கை. ஒரு மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டு வருவோர், பணிப்பெண்கள், நாவிதர் என்று ஒவ்வொருவருக்கும் நெல்லாகவும் காசாகவும் கூலி. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். மாணவர்களுக்குப் படுக்கப் பாய், சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெய். மன்னரைப் புகழும் மெய்க்கீர்த்தியில் வரும் போர் வெற்றிகளை ஒரு முறை படித்தால் மறந்துவிடலாம். சனிக்கிழமை எண்ணெய் மறக்காது. பதினைந்து என்ற எண்ணும் அப்படித்தான். எல்லோருக்கும் மருத்துவம் கிடைத்தது என்று எழுதினால் அது புகழுரை. பதினைந்து என்று எழுதியவுடன், பதினாறாவது நோயாளி வாசலில் வந்து நிற்கிறார். அவரை உள்ளே விடுவதா என்று யார் முடிவு செய்தார்கள்? கதை அங்கே பிறக்கிறது. விண்வெளிக் கப்பலில் எத்தனை பேருக்குக் காற்று என்று தெரியாத நாவலில் ஆபத்து என்பதே கிடையாது.

இந்த வழியிலுள்ள ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். திருமுக்கூடல், ஆறுகள் கூடும் இடத்தை அப்படியே சொல்லும் தமிழ். உத்திரமேரூர், வடமொழி மேருவைத் தமிழ் ஊரோடு சேர்த்தது. கல்வெட்டில் சதுர்வேதிமங்கலம் என்ற வால் வேறு. வாலாஜாபாத், பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபாக இருந்த முகமது அலி வாலாஜாவின் பட்டத்தோடு பாரசீக ‘ஆபாத்’ ஒட்டியது. ஒரு நாளில் சுற்றிவரக்கூடிய தொலைவுக்குள் மூன்று மொழிகள், மூன்று அதிகாரங்கள். ஒரு கிரகம் முழுவதும் எல்லாப் பெயர்களும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தால், அந்தக் கிரகத்துக்கு நேற்று என்று ஒன்று இல்லை என்று பொருள்.

இதற்கெல்லாம் வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, கதை படிக்க வருகிறவர் விதிப்புத்தகம் படிக்க வரவில்லை என்பது. பிரிட்டிஷ் எழுத்தாளர் எம். ஜான் ஹாரிசன் 2007-இல் இதைக் கடுமையாகவே சொன்னார்: இல்லாத ஓர் இடத்தை அங்குலம் அங்குலமாக அளந்து வைப்பது எழுத்துக்கு எதிரானது, வாசகரின் பங்கை அது பறித்துக்கொள்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். உலகைக் கட்டுகிறேன் என்று வரைபடமும் வம்சாவளியும் நாட்காட்டியுமாகப் பக்கங்களை நிரப்புகிறவர்களைப் பார்க்கும்போது அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே படுகிறது. ஆனால் அவர் கண்டிப்பது அளவை; நான் பேசுவது காரண காரியத்தை. மேசையில் எச்சில் துப்பும் காட்சிக்குப் பின்னால் ஹெர்பர்ட் நீரைப் பற்றி எவ்வளவோ யோசித்திருப்பார். வாசகருக்குக் காட்டியது ஒரு செய்கை. ஐந்து விரல்களும் அப்படியே. ஒரு விதி, மனிதர் ஒருவரின் கையை அல்லது கழுத்தைத் தொடும் இடத்தில் மட்டும் கதைக்குள் வந்தால் போதும். மற்றவை எழுத்தாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது மறுப்பு, எதிர்காலத்தை எழுத வந்தவர் பழைய கல்வெட்டைப் பார்த்து எழுதினால் அது சோழர்களை ராக்கெட்டில் ஏற்றியது போல ஆகும் என்பது. வேட்டியையும் மீசையையும் எடுத்துக்கொண்டால் அப்படித்தான் ஆகும். இயக்கத்தை எடுத்துக்கொண்டால் ஆகாது. ஐசக் அசிமோவ் 1942 முதல் எழுதிய ‘ஃபவுண்டேஷன்’ கதைகளுக்கு வரலாற்றாசிரியர் கிப்பன் எழுதிய ரோமப் பேரரசின் வீழ்ச்சி வரலாறு தூண்டுதலாக இருந்தது. அவர் ரோமானிய உடையைக் கடன் வாங்கவில்லை. மையம் தளரும்போது ஓரங்களில் என்ன நடக்கும் என்ற கணக்கை வாங்கினார். அவருடைய டெர்மினஸ் கிரகத்தில் உலோகம் அரிது. அதனாலேயே அங்குள்ளவர்கள் அணுக்கருவிகளைக் கையடக்கமாகச் செய்யக் கற்கிறார்கள். எல்லாம் தாராளமாகக் கிடைத்த பேரரசால் மலை போன்ற இயந்திரங்களைத் தவிர வேறெதையும் செய்ய முடிவதில்லை. மறுபடியும் இல்லாமையிலிருந்துதான் எல்லாம். 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னை கல்கி எங்கே தொடங்கினார் என்று நினைத்துப் பாருங்கள். அரண்மனையில் அன்று; ஆடிப்பெருக்கு நாளில், மதகுகள் திறந்து நீர் பாயும் வீரநாராயண ஏரிக்கரையில். இதே பராந்தகன் காலத்து ஏரி அது. சோறு எங்கிருந்து வருகிறது என்று முதலில் காட்டிவிட்டார். அதன் பிறகு சதியை நம்ப நமக்குத் தயக்கமில்லை.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், பிராமணர்களுக்குத் தானமாக விடப்பட்ட ஊர். குடத்துக்குள் போன ஓலைகளில் உழுதவர் பெயர் இல்லை, நெய்தவர் பெயர் இல்லை, எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. நிலமும் வேதக் கல்வியும் சேர்ந்து போட்ட வேலி அது. இதை உலகுக்கே வழிகாட்டிய மக்களாட்சி என்று மேடைகளில் முழங்குவது கல்வெட்டைப் படிக்காமல் பேசுவது. அப்படிப்பட்ட ஒன்றை முன்மாதிரியாக வைக்கலாமா என்று கேட்டால், நல்லாட்சிக்கு முன்மாதிரியாக நான் வைக்கவில்லை. ஓர் உலகம் எப்படித் தன்னைப் பொருத்திக்கொள்கிறது என்பதற்குச் சான்றாக வைக்கிறேன். அந்த விலக்கலே அதன் பொருத்தத்தின் ஒரு பகுதி. ஏரிக்கரையில் மண் சுமந்தவர் யாரோ, ஏரியைப் பற்றி முடிவெடுத்தவர் யாரோ. ஓர் உலகத்தைக் கட்டுகிறவர் தன் குடத்துக்கு வெளியே நிற்கிறவர்களை அறிந்திருக்க வேண்டும்; அறியாவிட்டால் அவர் கட்டியது ஆள்கிறவர்களின் மெய்க்கீர்த்தியாகவே முடியும். விண்மீன் பேரரசுக் கதைகளில் பாதிக்கு மேல் இந்தக் குழியில் விழுந்தவை என்பேன். இளவரசர்களும் தளபதிகளும் பேசிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுடைய கப்பலைக் கழுவுகிறவர் ஒரு பக்கத்திலும் வாய் திறக்க மாட்டார். உத்திரமேரூரை வைத்து ஒருவர் நாவல் எழுதினால், குடத்தில் கைவிட்ட அந்தப் பெயரில்லாத சிறுவனின் கண்ணிலிருந்து எழுதட்டும். அவனுக்கு 35 வயதானபோது அவன் பெயர் ஓலையில் இருந்ததா?

தமிழில் இந்த வழி திறக்கப்படாமல் இல்லை. சுஜாதா 1980-களில் ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’வில் வரும் எதிர்கால இந்தியாவில் எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான்: நிலா, சிபி, ஜீனோ, ஜீவா. குழந்தை பெறுவதற்கு அரசின் அனுமதி வேண்டும். பெயரின் நீளத்தைக்கூட அளந்து கொடுக்கும் அரசு வேறெதையெல்லாம் அளக்கும் என்று வாசகர் தானே ஊகித்துக்கொள்கிறார். உர்சுலா லெ குவின் 1974-இல் எழுதிய ‘த டிஸ்பொசஸ்டு’ நாவலிலும் அனாரஸ் என்ற வறண்ட நிலவில் பிறக்கும் குழந்தைக்குக் கணினிதான் சிறிய பெயர் ஒன்றைத் தருகிறது. அங்கே அது அடக்குமுறை இல்லை. தந்தை பெயரும் குடும்பப் பெயரும் சொத்தும் வேண்டாம் என்று வந்தவர்களின் சமூகத்தில் ஒவ்வொருவருக்கும் வேறு யாருக்கும் இல்லாத பெயர். ஏறக்குறைய ஒரே விதி, இரண்டு உலகங்களில் நேர் எதிரான இரண்டு பொருள்கள். எந்தப் பற்றாக்குறையிலிருந்து, எந்தக் காயத்திலிருந்து அந்த விதி பிறந்தது என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது. சுஜாதா எழுதியது நகரத்துக் கதை, அரசியல் கதை. வாரத் தொடருக்குரிய ஓட்டம் அதற்கு இருந்தது. நிலத்திலிருந்தும் நீரிலிருந்தும் எழும்பி, பல தலைமுறைகளைத் தாங்கக்கூடிய விரிவோடு தமிழில் ஓர் அறிவியல் புனைவுக் காவியம் எழுத நிறைய இடம் மீதியிருக்கிறது. அதற்கான சரக்கு நம்மிடம் இருப்பதைப் போல வேறு பல மொழிகளிடம் இல்லை.

உத்திரமேரூரின் இரண்டு கல்வெட்டுகளும் 1898-இல் படியெடுக்கப்பட்டன. கல்வெட்டறிஞர் வெங்கையா அவற்றை இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் விளக்கி எழுதினார். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி அவற்றை விரிவாக ஆராய்ந்தார். திருமுக்கூடல் கல்வெட்டு ‘எபிகிராஃபியா இண்டிகா’வின் 21-ஆம் தொகுதியில் முழுமையாக இருக்கிறது. வரலாற்று மாணவர்கள் மட்டும் புரட்டுகிற பக்கங்களாக அவை இருந்துவருகின்றன. எழுதத் துடிக்கும் இளைஞர்களே, உங்கள் கிரகத்துக்கு எத்தனை நிலா என்று முடிவு செய்வதற்கு முன்னால் அந்தப் பக்கங்களை ஒருமுறை படியுங்கள். முடிந்தால் இரண்டு சுவர்களையும் நேரில் போய்ப் பாருங்கள். பிறகு உங்கள் கிரகத்தின் ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுங்கள். அவர்களில் ஒருவர் கணக்குக் காட்டவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குங்கள்.